வெயிலை அளந்த அன்னா மணி

கமுதி சோலார் பிளான்ட் உங்களுக்குத் தெரியும். இந்திய வெயிலை ஊர் ஊராக அளந்து கணக்கு வைத்தவரைத் தெரியுமா?

அன்னா மணி, 1918-ல் பீர்மேட்டில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி.ராமனிடம் வைரம், மாணிக்கம் பற்றி ஆராய்ந்தார். ஆய்வேடு ரெடி. ஆனால் எம்.எஸ்சி. முடிக்கலைன்னு சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை.

அவர் அதோட நிக்கல. லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றார். 1948-ல் திரும்பிவந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். இறக்குமதியை நம்பாமல் கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்கள் அமைத்தார். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோனை அளக்க, பலூனில் பறக்கும் கருவியும் உருவாக்கினார். 1980-ல் அவருடைய கதிர்வீச்சுக் கையேடு வந்தது. 2001-ல் மறைந்தார்.

மிச்ச வேலை நமக்கு இருக்கு. நிலையத்துக் கருவி ஒரே இடத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும். பாம்பன் மீனவர் முகத்திலோ, கடலிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் கதிரும் விழும். அதை அளக்க, சட்டையில் குத்தும் பாலிசல்ஃபோன் ஃபிலிம் பேட்ஜ் போதும். புற ஊதா பட்டால் ஃபிலிம் ஒளியை உறிஞ்சும் அளவு மாறும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறீங்களா? ராமேஸ்வரம் பஸ் ஏறுங்க.