எண்ணெய் தேடிய மாளவியா

நம் பாட்டிமார் மண்ணெண்ணெயைச் சீமையெண்ணெய் என்றே வழங்கினர். பெயரிலேயே கதை முழுதும் அடங்கிக் கிடக்கிறது. திரி எரிவது நம் குடிசையில். எண்ணெய் வருவது சீமையிலிருந்து. விலை சொல்பவனும் சீமைக்காரன். அந்தச் சிறு விளக்கின் விலையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் வழக்காக எடுத்துக்கொண்டு போராடிய ஒருவர் நம் நாட்டு அமைச்சரவையில் இருந்தார். கேசவ தேவ மாளவியா என்பது அவர் பெயர். பிம்ப்ரியில் தினமும் வண்டிக்கு எண்ணெய் போடும் நம்மில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்போம்?

மாளவியா 1904ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். கான்பூரில் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தில் எண்ணெய்த் தொழில்நுட்பம் பயின்றார். அக்காலத்தில் அந்தப் படிப்பு வித்துகளிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பற்றியதேயன்றி, பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெயைப் பற்றியதன்று. ஆயினும் எண்ணெய் என்ற சொல் அவரை விடவில்லை போலும்! விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேச அரசில் பணி புரிந்தார். பிறகு தில்லிக்கு வந்தார். இயற்கை வளம், விஞ்ஞான ஆராய்ச்சி ஆகியவற்றின் துணை அமைச்சரானார். துணை அமைச்சர் பதவி என்றால் கோப்பில் கையெழுத்திடுவதும் விழாவில் மாலை வாங்கிக்கொள்வதுமாகக் காலம் கழிப்போர் உண்டு. மாளவியா அப்படிக் கழிக்கவில்லை.

அன்றைய நிலையை நண்பர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அசாமில் டிக்பாயில் 1889இலேயே எண்ணெய் கிடைத்தது. 1901இல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. எனினும் 1947இல் நாடு முழுவதும் எடுத்த எண்ணெய் ஆண்டுக்குச் சுமார் 2½ இலட்சம் டன்தான். மற்றதெல்லாம் கப்பலில் வந்தது. பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற மூன்று அயல்நாட்டுக் கம்பெனிகள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1951 முதல் அவற்றோடு அரசு உடன்படிக்கைகள் செய்துகொண்டது. அதன்படி பம்பாய்க்கருகே டிராம்பேயில் 1954இலும் 1955இலும் இரண்டு ஆலைகள், விசாகப்பட்டினத்தில் 1957இல் ஓர் ஆலை எழுந்தன. எந்த எண்ணெயைக் கொண்டுவருவது என்பது கம்பெனியின் விருப்பம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அரசு அவற்றை எடுத்துக்கொள்வதில்லை என்ற உறுதிமொழியும் தரப்பட்டது.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது விலைக் கணக்கு. டிராம்பேயில் சுத்திகரித்த மண்ணெண்ணெய், மலையேறிப் புனேக்கு வந்து, இந்தப் பக்கத்துக் கடைகளில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விலையை எப்படிக் கணக்கிட்டார்கள்? ஆலையில் ஆன செலவைக் கொண்டன்று. பாரசீக வளைகுடாத் துறைமுகத்தில் கம்பெனிகளே குறித்து வைத்த விலையை எடுத்தார்கள். அங்கிருந்து பம்பாய்க்குக் கப்பல் கூலி, காப்புறுதி, வழியில் ஆவியாகும் எண்ணெயின் நட்டம், துறைமுகச் செலவு, இறக்குமதி வரி எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றினார்கள். கப்பலே ஏறாத மண்ணெண்ணெய்க்குக் கப்பல் கூலி! இதற்கு இறக்குமதிச் சமநிலை விலை என்று பெயர். கச்சா எண்ணெயை ஆலைக்கு விற்றவனும் கம்பெனியின் தாய்ச் சங்கமே. ஒரே வீட்டில் ஒருவன் விற்கிறான், மற்றவன் வாங்குகிறான்; இருவரும் சேர்ந்து விலை எழுதுகிறார்கள்; காசு கொடுப்பவன் மட்டும் வெளியே நிற்கிறான்.

இதை உடைக்க வேண்டுமானால் சொந்த எண்ணெய் வேண்டும். இந்த மண்ணில் டிக்பாய்ப் பக்கம் தவிர வேறெங்கும் பெரிதாக ஒன்றுமில்லை என்பதே பல அயல்நாட்டு வல்லுநரின் எண்ணம். வங்கத்தில் அரசும் பங்கு சேர்ந்து ஸ்டான்வாக் கம்பெனி தேடியதும் பயன் தரவில்லை. மாளவியா 1955இல் ஒரு குழுவோடு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று எண்ணெய்த் தொழிலை நேரில் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் கலினின் என்பவர் தலைமையில் சோவியத்து நிலநூல் அறிஞர்கள் இங்கு வந்தனர். நம் நிலநூலாரோடு சேர்ந்து அவர்கள் தீட்டிய திட்டம் எண்ணெய் இருக்கக்கூடும் என்று சொன்னது. 1956 ஏப்ரலில் வெளியான தொழிற்கொள்கை, எண்ணெய்த் தொழிலின் வருங்கால வளர்ச்சியை அரசின் பொறுப்பில் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் தேராதூனில் பிறந்தது.

முதலில் பஞ்சாபு மலையடிவாரத்தில் ஜுவாலாமுகியில் துளையிட்டார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. பணத்தைப் பாழுக்கு இறைக்கிறார் என்ற பேச்சு எழுந்தது. 1958 செப்டம்பரில் குசராத்தில் காம்பே அருகே லூனேஜில் எண்ணெய் பீறிட்டது. 1960இல் அங்கலேசுவரத்தில் அதனினும் பெரிய வயல் கிடைத்தது. அங்குள்ள கிணற்றுக்கு வசுதாரா என்று நேரு பெயர் சூட்டினார். எண்ணெயே இல்லை என்று பலர் கைவிரித்த நாட்டில் நான்கே ஆண்டுகளில் இத்தனையும் நடந்தன. காவிரிப் படுகையில் நரிமணம் வரை பின்னாளில் சென்ற துளைக்கருவிகளெல்லாம் இந்தத் தொடக்கத்தின் வழி வந்தவையே.

எனினும் அவர் வாழ்வின் உயர்ந்த கட்டம் எண்ணெய் கிடைத்த நாளன்று, விலை இறங்கிய நாளே என்பது என் கருத்து. 1960இல் சோவியத்து நாடு கச்சா எண்ணெயைக் கம்பெனிகளின் விலையைவிட மலிவாகத் தர முன்வந்தது. டாலரும் பவுனும் வேண்டியதில்லை, ரூபாயே போதும் என்றது. அந்நியச் செலாவணி வற்றிக் கிடந்த காலம் அது. மாளவியா கம்பெனிகளை அழைத்து அந்த எண்ணெயைச் சுத்திகரித்துத் தருமாறு கேட்டார். உடன்படிக்கையைக் காட்டி மூன்றும் மறுத்துவிட்டன. அதே ஆண்டு கியூபாவில் இதே மறுப்பு நேர்ந்தபோது காஸ்ட்ரோ ஆலைகளைக் கைப்பற்றினார். இந்தியா கைப்பற்றவில்லை, கொடுத்த வாக்கைக் காத்தது. ஆனால் மாளவியா வேறு கதவைத் திறந்தார். 1959இல் தொடங்கிய இந்தியன் ஆயில் கம்பெனி, சுத்திகரித்த எண்ணெயையே நேராக வாங்கத் தொடங்கியது. 1960 ஆகஸ்டு 17இல் உஸ்கொரோட் என்ற கப்பல் 11,390 டன் டீசலோடு பம்பாயில் பீர் பாவ் துறையில் வந்து நின்றது.

விளைவு என்ன? அசைக்க முடியாதது என்று சொல்லப்பட்ட விலை அசைந்தது. கம்பெனிகள் கச்சா எண்ணெய் விலையில் தள்ளுபடி தர முன்வந்தன. 1961இல் தாம்லே குழு கணக்குகளை ஆராய்ந்து, விலைக்கு உச்ச வரம்பு கட்டும் வழியைக் காட்டியது. போட்டி என்ற ஒன்று வந்ததும், கடல் கடந்து எழுதிய விலை தானே இறங்கியதைக் கண்டோம். உருமேனியத் துணையோடு குவாகாத்தியில் 1962இலும், சோவியத்துத் துணையோடு பரௌனியில் 1964இலும், கோயலியில் 1965இலும் அரசின் ஆலைகள் இயங்கின.

ஆனால் பரௌனி இயங்கியபோது மாளவியா அமைச்சராக இல்லை. ஒரிசாவில் சுரங்கம் நடத்திய செராஜுதீன் கம்பெனியிடமிருந்து ஒரு தேர்தல் வேட்பாளருக்குப் பணம் வாங்கித் தந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நேரு, உச்ச நீதிமன்ற நீதிபதி எசு. கே. தாசை விசாரிக்கச் சொன்னார். சில குற்றச்சாட்டுகளில் முடிவு மாளவியாவுக்கு எதிராக அமைந்தது. 1963 சூனில் பதவி விலகினார். எண்ணெய்க் கம்பெனிகளின் பகைதான் அவரை வீழ்த்தியது என்று சொல்வார் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பகைவர் இருந்திருக்கலாம், பகைவர் கையில் படையைக் கொடுத்தது யார்? கம்பெனிகளின் கணக்கை ஒளிவின்றிக் காட்டச் சொன்னவர், சுரங்க முதலாளியிடம் கட்சிக்காகக் கை நீட்டியிருக்கக் கூடாது. அந்த அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்ததும் அவருக்கு நன்மை செய்யவில்லை. இரண்டே மாதத்தில் காமராசர் திட்டம் வந்தது; ஆறு மத்திய அமைச்சர்கள் கட்சிப் பணிக்கென்று விலகினர். அவர்கள் புகழோடு சென்றனர். இவர் பழியோடு சென்றார்.

பத்தாண்டு கழிந்தது. 1973 இறுதியில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் விலையேற்றமும் வந்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய், 1974 சனவரியில் 11 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு மாளவியா மறுபடி அமைச்சரானார். அக்டோபர் முதல் பெட்ரோலியமும் இரசாயனமும் அவர் பொறுப்பு. 1960களில் சோவியத்து ஆய்வுக் கப்பலின் துணையோடு தடம் கண்ட பம்பாய் ஹை கடல் வயலில் 1974 பிப்ரவரியில் எண்ணெய் கிடைத்தது. 1976 மே 21இல் உற்பத்தி தொடங்கியது. எஸ்ஸோவின் பெரும் பங்கை 1974இலேயே அரசு வாங்கியிருந்தது. பர்மா ஷெல்லும் கால்டெக்ஸும் 1976இல் அரசின் கைக்கு வந்தன. பறித்துக்கொள்ளவில்லை, பேசி விலை கொடுத்தே வாங்கினார்கள்.

நம் பிம்ப்ரிக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இந்தக் காலத்தில்தான். 1954இல் உருவாகிப் பெனிசிலின் செய்து புகழ்பெற்ற இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அவருடைய அமைச்சகத்தின் கீழ் இருந்தது. மருந்து விலையை ஆராய்ந்த ஹாத்தி குழு 1975இல் அறிக்கை தந்ததும் அப்போதுதான். பெனிசிலினும் மண்ணெண்ணெயும் அரசின் கணக்குப் புத்தகத்தில் அண்டை வீட்டார்: இரண்டும் ஏழைக்குத் தேவை, இரண்டையும் அடக்க விலைக்கே கீழே விற்றால் ஆலை நலியும். அது நெருக்கடி நிலைக் காலம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பேச்சுரிமை பறிபோன அந்த ஆட்சியில் அவர் இறுதிவரை அமைச்சராகவே இருந்தார்.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான் இறக்குமதிச் சமநிலை போய், ஆலைக்கு ஆன செலவோடு ஓரளவு இலாபம் சேர்த்துத் தரும் முறை வந்தது. விற்பனை விலையை அரசே நிர்ணயித்தது. பெட்ரோல் விலையில் கூடுதல் வைத்து, அந்தப் பணத்தால் மண்ணெண்ணெயையும் சமையல் வாயுவையும் மலிவாகக் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் தகர டப்பாவோடு நின்ற வரிசைகள் இதன் பயன்தாம். அந்த வரிசை இல்லாவிடில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திராது, பரீட்சைக்குப் படிக்க விளக்கும் எரிந்திராது. நம் தந்தையர் பலர் படித்தது அந்த வெளிச்சத்தில்.

ஆனால் ஒரே மாதிரியான இரண்டு பொருளுக்கு இரண்டு விலை வைத்தால் இடையிலே திருடன் நுழைவான். 2011இல் ரேஷன் மண்ணெண்ணெயின் விலை டீசல் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஏழைக்கு என்று ஒதுக்கியது லாரித் தொட்டிக்குப் போயிற்று. அவ்வாண்டு சனவரி 25ஆம் நாள், நம் மராட்டிய மாநிலத்திலேயே, மன்மாடு அருகே, கலப்படக் கும்பலைத் தடுக்கச் சென்ற கூடுதல் ஆட்சியர் யசுவந்த் சோனாவணே உயிரோடு எரிக்கப்பட்டார். அதற்கு முன் 2005 நவம்பரில், மாளவியா வளர்த்த இந்தியன் ஆயிலின் இளம் அலுவலர் மஞ்சுநாத் சண்முகம், கலப்படம் செய்த பெட்ரோல் நிலையத்துக்கு முத்திரையிட்டதற்காக உத்தரப் பிரதேசத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்னோ மேலாண்மைக் கழகத்தில் படித்தவர். நம்மைவிடச் சில ஆண்டே மூத்தவர்.

மானியத்தை ஒரே நாளில் வெட்டியவர்கள் பட்ட பாட்டையும் உலகம் கண்டது. வெனிசுவேலாவில் 1989இல் பெட்ரோல் விலையோடு பேருந்துக் கட்டணமும் ஏற, தலைநகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இந்தோனேசியாவில் 1998 மே மாதத் தொடக்கத்தில் எரிபொருள் விலையை ஏற்றிய சுகார்த்தோ, அம்மாதம் முடியும் முன்னே பதவி இழந்தார். நைசீரியா 2012 புத்தாண்டு நாளில் மானியத்தை நீக்கியது. வேலை நிறுத்தம் பரவவே, ஒரு பகுதியை அதே மாதத்தில் திருப்பித் தந்தது. மூன்றும் எண்ணெய் நாடுகள். கிணறு இருந்துவிட்டால் மட்டும் விலைச் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை.

மாளவியா 1981 மே மாதம் மறைந்தார். தேராதூனிலுள்ள எண்ணெய் ஆய்வுக் கழகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பம்பாய் ஹை கைகொடுத்தும், இன்று நம் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வருகிறது. அவர் காலத்து விலைமுறை 2002 ஏப்ரல் 1இல் முடிந்தது. பெட்ரோல் விலை 2010 சூனிலும், டீசல் விலை 2014 அக்டோபரிலும் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. 2017 சூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலை மாற்றும் முறை வந்தது. இவற்றுக்கு முன்பே, 2006இல், ஆலையிலிருந்து வெளிவரும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரு புதிய கணக்கை அரசு ஏற்றிருந்தது: நூற்றில் 80 பங்கு இறக்குமதி விலைப்படி, 20 பங்கு ஏற்றுமதி விலைப்படி. அந்த 80 பங்கில், வராத கப்பலுக்குரிய கூலி மறுபடியும் சேர்ந்திருந்தது.