ஒட்டுப்போட்ட காமிராவால் புகழ் பெற்றவர்

இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். சட்டம் படித்தும் அதில் நாட்டமில்லை. 1942-ல் பெல்லாரி அருகே சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. வாத்தியார், நீதிபதி, மகாராஜாவின் அரசியல் காரியதரிசி என்று பல நாற்காலிகள்! 1949-ல் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது.

சென்னை திரும்பியவர் மறுபடி மாதச் சம்பளத்தை நாடவில்லை. குடும்பஸ்தருக்கு இது எத்தனை பெரிய துணிச்சல் என்பது ஒன்றாம் தேதிக்குக் காத்திருப்பவர்களுக்குத் தெரியும். பேனாவும் காமிராவுமே பிழைப்பு என்றாயிற்று.

அந்தக் காமிராவோ கடையில் அப்படியே வாங்கியதல்ல. வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிய கனத்த பெட்டி. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு வேடிக்கைப் பெயர் வேறு. கடைசிவரை கறுப்பு வெள்ளைப் படம்தான். காட்டு யானைகளைப் படமெடுத்துப் பேர் பெற்றவர், வீட்டைச் சுற்றித் திரியும் காக்கை, மைனா, புறாக்களையும் அதே அக்கறையுடன் கவனித்தார். சித்தூர் கோர்ட்டு மரங்களிலும் ரேணிகுண்டா பிளாட்பாரத்திலும் தினமும் கண்ணில் படுகிற அதே பறவைகள்தாம்.

1950 முதல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இரு வாரத்துக்கொரு முறை எழுதினார். 46 ஆண்டுகள் அது நிற்கவில்லை. பத்மஸ்ரீ கிடைத்தது. 1996 பிப்ரவரி 18-ல் காலமானார். அன்றைய இதழிலும் அவர் கட்டுரை வந்திருந்தது.