காருகுறிச்சி அருணாசலம்

காருகுறிச்சி ப. அருணாசலம் (1921 - 1964) தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். இவர் நாதசுவர மேதை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962 ஆம் ஆண்டு வெளியான கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில், எஸ். ஜானகியின் குரலுடன் இணைந்து ஒலிக்கும் சிங்கார வேலனே தேவா என்னும் பாடலுக்கு நாதசுவரம் வாசித்தவர் இவரே. தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்ட குரலையும் கருவியையும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து உருவாக்கப்பட்ட அப்பாடல், தமிழ்த் திரையிசை ஒலிப்பதிவு வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறது.

பிறந்த ஊர்

காருகுறிச்சி, தாமிரபரணி ஆற்றுப் பாசனத்தில் அமைந்த ஓர் ஊர். திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையில் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே உள்ளது. நெல் வயல்களும் குளங்களும் சூழ்ந்த இவ்வூர் மண்பாண்டத் தொழிலுக்கும் பெயர் பெற்றது. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள கோயில்களின் திருவிழாக்களும் ஊர்ப் பெருநிலக்கிழார்களின் இல்லத் திருமணங்களும் நாதசுவரக் கலைஞர்களுக்கு ஆதரவளித்தன. தஞ்சைப் பகுதியின் புகழ்பெற்ற வித்துவான்கள் பலரும் இவ்வாறு நெல்லைச் சீமைக்கு வந்து வாசித்துச் சென்றனர்.

இளமையும் பயிற்சியும்

அருணாசலம் 1921 ஆம் ஆண்டு காருகுறிச்சியில் பிறந்தார். இவரது தந்தை பலவேசம். நெல்லைப் பகுதிக்கு வந்து வாசித்த கூறைநாடு நடேச பிள்ளைக்குக் கிடைத்த மதிப்பைக் கண்ட பலவேசம், தம் மகன் அத்தகைய கலைஞனாக வேண்டும் என்று விரும்பி நாதசுவரம் பயிலச் செய்தார் எனக் கூறப்படுகிறது.

உள்ளூரில் பயின்று வந்த இளைஞர் அருணாசலத்தின் வாழ்க்கை, ராஜரத்தினம் பிள்ளையின் வருகையால் மாறியது. காருகுறிச்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு வந்த பிள்ளைக்கு உடன் வாசிக்க ஒருவர் தேவைப்பட்டதாகவும், அப்போது அருணாசலம் வாசித்த விதம் பிடித்துப்போய் அவரைச் சீடராக ஏற்றுக்கொண்டதாகவும் கூறுவர். அதன்பின் அருணாசலம் குருவுடன் ஊர் ஊராகச் சென்று, இரண்டாவது நாதசுவரமாகப் பல ஆண்டுகள் வாசித்தார். குருவின் கற்பனையை உடனுக்குடன் பின்தொடர வேண்டிய இப்பணியே இவரது உண்மையான பயிற்சிக்களமாக அமைந்தது.

பின்னர் இவர் தனியே குழு அமைத்துக் கச்சேரிகள் செய்தார். ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் மறைந்தபின், அவரது வழியில் வாசித்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்பட்டார். பெரும்பள்ளம் வெங்கடேசன், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி ஆகிய தவில் வித்துவான்கள் இவருக்குத் தவில் வாசித்துள்ளனர். பிற்காலத்தில் இவர் கோவில்பட்டியில் குடியேறினார். இசை மேதை விளாத்திகுளம் சுவாமிகளிடம் பெருமதிப்புக் கொண்டிருந்தார். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இவரது நண்பர்களுள் ஒருவர்.

வாசிப்பு முறை

நாதசுவரத்தில் திமிரி, பாரி என இரு வகைகள் உண்டு. திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. பாரி நாதசுவரத்தைக் கச்சேரிகளில் பரவலாக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை ஆவார். அருணாசலமும் அவ்வழியையே பின்பற்றினார். நீண்ட இராக ஆலாபனை, இழையும் கமகம், மேல் தாயியிலும் கூசாத நாதம் ஆகியவை இவரது வாசிப்பின் சிறப்புகள்.

நாதசுவரத்தின் உடல் பெரும்பாலும் ஆச்சா மரத்தால் ஆனது. அதில் ஏழு விரல் துளைகள் உள்ளன. பன்னிரண்டு சுவரத்தானங்களையும் அவற்றின் நுண்ணிய அசைவுகளையும் அந்த ஏழு துளைகளிலேயே கொண்டுவர வேண்டும். துளையைப் பாதி மூடுதல், சீவாளியின்மேல் உதட்டின் அழுத்தத்தை மாற்றுதல், மூச்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தல் ஆகியவற்றால் கலைஞர் இதனைச் செய்கிறார். துத்துக்காரம் எனப்படும் நாவசைவினால் சுவரங்கள் தனித்தனியே தெளிவு பெறுகின்றன. ஒரு நாதசுவரக் கலைஞரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுபவை இந்த நுட்பங்களே. ஒலிப்பதிவில் முதலில் மறைந்துபோகக் கூடியவையும் இவையே.

நாதசுவரமும் ஒலிவாங்கியும்

நாதசுவரம் திறந்த வெளிக்காக உருவான கருவி. தேரோடும் வீதியிலும் கோயில் பிரகாரத்திலும் ஒலிபெருக்கி இன்றிப் பெருங்கூட்டத்திற்குக் கேட்கும் வலிமை உடையது. இதனால் மூடிய ஒலிப்பதிவு அறையில் இதனைப் பதிவு செய்வது கடினம். ஒலிவாங்கி அருகில் இருந்தால் ஒலி அளவு மீறிச் சிதையும். தொலைவில் வைத்தால் அறையின் எதிரொலி கலந்து நாவசைவின் தெளிவு மங்கும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி அளவு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இக்கணக்கு அப்படியே பொருந்துவதில்லை.

நாதசுவரக் குழுவைத் தனியே பதிவு செய்யும்போது இச்சிக்கலை ஓரளவு எளிதில் தீர்க்கலாம். தவிலும் வலிமையான கருவி என்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுக்கும். ஆட்களை முன்னும் பின்னுமாக அமர்த்தி ஓர் ஒலிவாங்கியைச் சரியான தொலைவில் வைத்தாலே சமநிலை கிடைத்துவிடும். மெல்லிய மனிதக் குரலை நாதசுவரத்துடன் சேர்த்துப் பதிவு செய்ய இம்முறை போதாது.

கொஞ்சும் சலங்கை

எம். வி. ராமன் இயக்கத்தில் ஜெமினி கணேசன், சாவித்திரி ஆகியோர் நடித்த கொஞ்சும் சலங்கை 1962 ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி வெளியானது. டெக்னிகலர் முறையில் வண்ணப்படமாக உருவான இதற்கு எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்தார். கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதிய சிங்கார வேலனே தேவா பாடல் ஆபேரி இராகத்தில் அமைந்தது. திரையில் சாவித்திரி பாட, ஜெமினி கணேசன் நாதசுவரம் வாசிப்பதாகக் காட்சி அமைந்துள்ளது. குரல் எஸ். ஜானகியுடையது, நாதசுவரம் அருணாசலத்துடையது.

குரலும் நாதசுவரமும் ஒரே அறையில் ஒலித்தால், பாடகியின் ஒலிவாங்கியிலும் நாதசுவரமே மேலோங்கிப் பதியும். ஆகவே இரண்டும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டுப் பின்னர் இணைக்கப்பட்டன. கணினி இல்லாத அக்காலத்தில் இது எளிய வேலை அன்று. இரு பதிவுகளும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். வேகம் சிறிது மாறினாலும் தாளத்துடன் சுருதியும் பிசகும். நாதசுவரத்தின் சுருதியைத் தந்திக் கருவியைப் போல விருப்பப்படி முறுக்கிக் கூட்டவும் முடியாது. சீவாளியைச் சரிசெய்து சிறிதளவே மாற்றலாம். எனவே குரல்தான் கருவியின் சுருதியை ஒட்டி நிற்க வேண்டும். மேலும், நாடாவின் இரைச்சலளவு சமமாக உள்ள இரு பதிவுகளை அதே அளவில் ஒன்றாக்கும்போது இரைச்சல் ஏறத்தாழ 3 டெசிபெல் கூடும். அடுத்தடுத்துப் பிரதி எடுக்கும்தோறும் இது மேலும் கூடும். தேவையின்றி அடுக்குகளைச் சேர்த்தால் அதற்கு உரிய விலையை ஒலியே கொடுக்க நேர்ந்த காலம் அது.

இப்பாடலின் வெற்றிக்கு இசையமைப்பின் சிக்கனமும் காரணம் எனலாம். பெரும்பாலான இடங்களில் குரலும் நாதசுவரமும் மாறி மாறி வருகின்றன. ஒன்று பாடி நிறுத்தும் இடத்தில் மற்றொன்று தொடங்குகிறது. இறுதிப் பகுதியில் சுவரக் கோவைகளில் இரண்டும் நெருங்கி வரும்போதும் பிற கருவிகள் அடங்கியே ஒலிக்கின்றன. எனவே குரலின் எழுத்தொலியும் நாதசுவரத்தின் நாவசைவும் தனித்தனியே கேட்கின்றன. இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒருவரையொருவர் கேட்டு வாசித்தது போன்ற உணர்வு கேட்பவருக்கு ஏற்படுகிறது.

இப்பாடலுக்குப் பின் அருணாசலத்தின் புகழ் இசை ரசிகர்களைத் தாண்டிப் பரவியது. கச்சேரிகளில் இதனை வாசிக்குமாறு ரசிகர்கள் கேட்பது வழக்கமாயிற்று. திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் பிற நாதசுவரக் குழுவினரும் இதனை வாசித்து வருகின்றனர்.

அடுக்கு ஒலிப்பதிவு: ஓர் ஒப்பீடு

கொஞ்சும் சலங்கை வெளியான அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பில் ஸ்பெக்டர் என்னும் தயாரிப்பாளர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். பல கிதார்களையும் பியானோக்களையும் தாளக் கருவிகளையும் ஒரே மெட்டை வாசிக்கச் செய்து, அவற்றை எதிரொலி அறையின் வழியே செலுத்தி அவர் உருவாக்கிய முறை ஒலிச்சுவர் எனப் பெயர் பெற்றது. சிறிய வானொலிப் பெட்டியிலும் பாடல் நிறைவாகக் கேட்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அதில் எந்தக் கருவியையும் தனியே பிரித்தறிதல் அரிது.

1967 இல் பீட்டில்ஸ் குழுவினர் தமது சார்ஜென்ட் பெப்பர் இசைத்தொகுப்பைப் பெரும்பாலும் நான்கு தடக் கருவிகளைக் கொண்டே பதிவு செய்தனர். 1970களில் 24 தடக் கருவிகள் பரவலாயின. கணினி வந்தபின் அடுக்குகளுக்கு எல்லையே இல்லாமற் போனது. எளிமையாகப் பதிவு செய்யத் தொடங்கப்பட்ட பீட்டில்ஸின் லெட் இட் பி தொகுப்பின் சில பாடல்களில் ஸ்பெக்டர் பெரிய வாத்தியக் குழுவையும் பாடகர் குழுவையும் சேர்த்தார். அத்தொகுப்பு 1970 இல் வெளியானது. பால் மெக்கார்ட்னி இச்சேர்க்கையை விரும்பவில்லை. 2003 இல் அவ்வடுக்குகள் நீக்கப்பட்ட வடிவம் தனியே வெளியிடப்பட்டது. கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் சைனீஸ் டெமாக்ரசி பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து 2008 இல் வெளியானபோது, அளவுக்கு மீறிய அடுக்குகள் பாடல்களை அமுக்கிவிட்டன என்று விமர்சகர் சிலர் குறை கூறினர்.

இதற்கு ஒலியியல் காரணம் உண்டு. ஒரே அதிர்வெண் எல்லையில் இரண்டு ஒலிகள் எழும்போது வலியது மெலியதை மறைக்கும். பல அடுக்குகளைச் சேர்க்கும்போது இம்மறைப்பு கூடுகிறது. எல்லா அடுக்குகளும் கேட்க வேண்டும் என்று ஒலி அளவுகளை நெருக்கிச் சமப்படுத்தினால், மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. எதிரொலியைக் கூட்டினால் சுவரங்களுக்கு இடையிலுள்ள மௌனமும் நிரம்பிவிடுகிறது. மூச்சாலும் இடைவெளியாலும் உயிர்பெறும் நாதசுவரத்திற்கு இவை பெரிய இழப்பாகும். சிங்கார வேலனே பாடலிலும் அடுக்கு உண்டு. ஆனால் அது இரண்டு ஒலிகளையும் கேட்கச் செய்வதற்காக இடப்பட்டது.

எஞ்சியுள்ள பதிவுகள்

அருணாசலத்தின் வாசிப்பு இசைத்தட்டுகளிலும் வானொலிப் பதிவுகளிலும் கச்சேரிப் பதிவுகளிலும் இன்று கிடைக்கிறது. கச்சேரிப் பதிவுகள் பலவற்றில் கூட்டத்தின் ஓசையும் நாடாவின் இரைச்சலும் கலந்துள்ளன. எனினும் அவற்றில் இவரது மூச்சும் நாவசைவும் தெளிவாகக் கேட்கின்றன. இத்தகைய பழைய பதிவுகளைக் கணினி மூலம் தூய்மைப்படுத்தும்போது இரைச்சலுடன் உயர் அதிர்வெண்களும் நீங்கினால், சீவாளியின் ஒலி மங்கிவிடும். பிற்காலத்தில் சேர்க்கப்படும் செயற்கை எதிரொலியும் கருவியை முகமற்றதாக்கும். இவர் மீண்டும் வந்து வாசிக்கப் போவதில்லை என்பதால், மூலப் பதிவுகளை மாற்றமின்றிப் பேணுவது முக்கியமானது.

மறைவும் நினைவும்

அருணாசலம் 1964 ஏப்ரலில், தமது நாற்பதுகளின் தொடக்கத்திலேயே காலமானார். கொஞ்சும் சலங்கை வெளியாகி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோவில்பட்டியில் இவருக்குச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. 2021 ஆம் ஆண்டு இவரது நூற்றாண்டு ஆகும். காருகுறிச்சி என்னும் சிற்றூரின் பெயர் இன்று இசை ரசிகர்களிடையே பெரும்பாலும் இவரையே குறிக்கிறது.