பிடியரிசியில் படித்தவர்: காமராசரும் ஊர்ப் பள்ளிகளும்

விருதுநகர் என்றதும் காமராசர் பெயரும், காமராசர் என்றதும் மதிய உணவும் நம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த உணவில் ஊர் மக்களுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டோம்.

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்தவர் காமராசர். ஏறத்தாழ ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை அரசு நடத்திய பள்ளி அன்று. ஊர் வணிகர்களின் மகமையாலும் வீட்டுப் பெண்கள் சோறாக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியாலும் நடந்த பள்ளி. நம் ஜமாஅத்துகளிலும் மதரஸாக்களுக்காகப் பிடியரிசி சேர்த்த வழக்கத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். அப்படி ஊரே தாங்கிய பள்ளியிலும் அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. குடும்ப வறுமை அவரைத் தாய்மாமனின் துணிக்கடைக்கு அனுப்பியது. பள்ளி இலவசமாக இருந்தாலும் வயிறு இலவசமாக நிறைவதில்லை என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார்.

இளமையிலேயே காங்கிரஸ் தொண்டரானார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். மொத்தத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். 1941-ல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழுமையாகச் செய்ய முடியாத பொறுப்பில் அமர்ந்திருப்பது முறையல்ல என்று கருதி விலகிவிட்டார். பதவியை அமானிதமாகக் கருதியவர் என்று நாம் அவரைச் சொல்லலாம்.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானதும் அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் அது முழுக்க ஊர் மக்களின் கொடையால் நடந்தது. பிறகு அரசு செலவில் 60 சதவீதத்தை ஏற்றது. மீதி 40 சதவீதம் ஊராரின் பொறுப்பு. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்றால், அரசின் பங்கு 6 காசு, ஊரின் பங்கு 4 காசு. விளைச்சல் காலத்தில் நெல்லாகவும் தானியமாகவும் விறகாகவும் அந்தப் பங்கு வந்தது.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித் துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று ஊராரே பட்டியல் போட்டார்கள். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, குடிநீர், சீருடை என்று அவரவர் இயன்றதைக் கொடுத்தார்கள்.

இந்த முறையில் ஒரு குறையும் இருந்தது. வசதியுள்ள ஊர் கொடுக்கும். வறண்ட ஊர் எங்கே போகும்? ஆகவே முழுச் செலவையும் அரசே ஏற்கும் நிலை பின்னாளில் வந்தது சரியானதே. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் அரிசியோடு சேர்த்து அக்கறையையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டோமோ என்பதே இன்றைய கேள்வி. காமராசர் 1957-லும் 1962-லும் வென்ற சாத்தூரும், பக்கத்துச் சிவகாசியும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலை நம்பிய வானம் பார்த்த பூமி. அவர் காலத்துக்குப் பின்னும் அங்கே பிள்ளைகளின் கைகள் தீப்பெட்டி ஒட்டின. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1988-ல் சிவகாசியில் சிறப்புப் பள்ளிகளுக்கான தேசியத் திட்டமும் தேவைப்பட்டன.

ஒரு பிள்ளை பள்ளிக்கு வராததை வருகைப் பதிவேடு காட்டும். ஏன் வரவில்லை என்பது தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். அந்தக் கூட்டங்களுக்கு நாம் போகிறோமா? ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்து இளைஞர்கள் சேர்ந்து, மதம் சாதி பாராமல், படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். அதுவே இன்றைய பிடியரிசி.

1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார் காமராசர். 1975 அக்டோபர் 2 அன்று காலமானார். சொத்து எதையும் சேர்த்து வைக்கவில்லை. அவர் தொடங்கிய வேலை இன்னும் மீதம் இருக்கிறது. அதில் நம் பங்கு அந்த 4 காசு.