ஆஸ்பத்திரி பயத்தைப் போக்கிய பெண் டாக்டர்

பெண்களுக்கு உடம்பில் ஒரு கோளாறு வந்தால், அதை வெளியே சொல்லக் கூச்சம். சொன்ன பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கூச்சமும் பயமும் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. அந்தப் பயத்தோடு போராடி வென்றவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்.

அப்போது நாகர்கோவிலும் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந் தேதிதான். ஆகவே, மேரி அம்மையார் நாஞ்சில் நாட்டுக்கும் டாக்டர்.

கல்லூரியில் ஒரே பெண்

கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்ற ஊரில் 1886-ம் ஆண்டு மேரி பிறந்தார். தந்தை புன்னன், அரண்மனை வைத்தியர்.

தந்தையைப் போல டாக்டராக வேண்டும் என்று மேரி ஆசைப்பட்டார். ஆனால், பெண் என்பதால் திருவனந்தபுரம் கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். மேரி சோர்ந்துவிடவில்லை. சரித்திரம் படித்து, 1909-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான் பெண்!

பிறகு கப்பல் ஏறினார். லண்டனில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் பிரசவ வைத்தியமும் பெண்கள் நோய் வைத்தியமும் பயின்றார். 1916-ல் ஊர் திரும்பினார்.

காலியான கட்டில்கள்

திருவனந்தபுரம் தைக்காடு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. டாக்டர் வந்துவிட்டார். ஆனால், பெண்கள் வரத் தயங்கினார்கள். பிரசவம் என்றால் வீட்டில்தான், மருத்துவச்சி கையால்தான்.

மேரி அம்மையார் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மருத்துவச்சிகளைப் பகைக்கவும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே பிரசவம் பார்க்கும் பயிற்சி கொடுத்தார்.

1917-ல் அவருக்கும் வக்கீல் லூக்கோசுக்கும் திருமணம் நடந்தது. தலைப்பிரசவம் வந்தது. வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும், அம்மையார் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் படுத்தார். அங்கேயே பிள்ளை பெற்றார்!

ஊர் அதைப் பார்த்தது. டாக்டர் அம்மாவே படுத்த கட்டிலில் நாம் படுக்க என்ன பயம் என்று பெண்களுக்குத் தைரியம் பிறந்தது.

1920-ல் அவர் சிசேரியன் ஆபரேஷன் செய்தார். கேரளத்தின் முதல் சிசேரியன் என்று அதைச் சொல்வார்கள்.

ரேடியம் வந்தது

1938-ல் அவர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். 32 அரசாங்க ஆஸ்பத்திரிகளும் 40 வைத்திய சாலைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. அமெரிக்காவில் இதே பெயருள்ள பதவிக்கு முதன்முதலாக ஒரு பெண் வந்தது 1990-ல்தான்!

நாகர்கோவிலில் காசநோய் சானடோரியமும், திருவனந்தபுரத்தில் எக்ஸ்-ரே, ரேடியம் நிலையமும் அவர் முயற்சியால் உருவானவை.

ரேடியம் என்பது கதிர் வீசும் உலோகம். அந்தக் கதிர் புற்றுக் கட்டியை அழிக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அந்த நாளில் இது பெரிய வைத்தியம். ஆனால், நோய் முற்றும் முன்பே வந்தால்தான் பலன் அதிகம். கூச்சத்தால் காலம் கடத்தினால் ரேடியமும் கைவிட்டுவிடும்.

காத்திருக்கும் நாட்கள்

இன்றைய வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால், கூச்சம் மட்டும் முழுதும் போகவில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் போனாலோ, இடையிடையே உதிரம் கண்டாலோ, டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும். டாக்டர் தேவைப்பட்டால் சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். அதை மருந்தில் பதப்படுத்தி, மெழுகில் பொதிந்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதனால்தான் முடிவு வரச் சில நாட்கள் ஆகின்றன. தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தமல்ல. சதை எடுத்தாலே புற்றுநோய் என்றும் அர்த்தமல்ல.

அந்த நாட்களில் தூக்கம் வராது, சோறு இறங்காது. தனியே மனதுக்குள் போட்டுப் புழுங்க வேண்டாம். கணவரிடமோ தாயிடமோ அக்காளிடமோ சொல்லிவிட வேண்டும். முடிவு வாங்கப் போகும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

கடைசி நாட்கள்

மேரி அம்மையார் 1942-ல் ஓய்வு பெற்றார். 1947-ல் கணவர் மறைந்தார். மகளும் மகனும் தாய்க்கு முன்பே காலமானார்கள். பிறர் வீட்டுத் தொட்டில்களை நிறைத்தவர், தம் பிள்ளைகளை இழந்து தனித்து நின்றார்.

1975-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1976 அக்டோபர் 2-ந் தேதி, 90-வது வயதில் அவர் கண்ணை மூடினார்.

அவர் காட்டிய வழி எளியது: பயத்தை மறைத்து வைக்காதே, நேரத்தோடு ஆஸ்பத்திரி வாசலை மிதி.