ஒலியைப் பகுத்துக் கேட்ட பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ்

ஒரு துறையிலே ஆழ்ந்து புகழெய்தியோர் உலகிற் பலர் உளர். பல துறைகளிலே புகுந்து, புகுந்த ஒவ்வொன்றிலும் முன்னிருந்தோர் காணாத ஒன்றைக் கண்டு சொன்னவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜேர்மன் நாட்டு அறிஞராகிய ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ற்ஸ். கண்ணை ஆராயும் வைத்தியரும், சத்தியை ஆராயும் பௌதிக அறிஞரும், இசையை ஆராயும் வித்துவான்களும் அவரைத் தத்தமக்குரியவர் என உரிமை பாராட்டுவர். தமிழாசிரியனாகிய யான் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கும் காரணம் உண்டு. வாயிற் பிறக்கும் உயிரொலிகள் ஒன்றினொன்று வேறுபடுவது எதனால் என்பதை அவர் பரிசோதனையாற் காட்டினார். இன்று நம் மண்டபங்களில் ஒலிபெருக்கியோடு இணைத்து வைக்கப்படும் 'ஈக்குவலைசர்' என்னும் கருவியின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கும் அவர் வகுத்த வழியே நேர்வழியாம்.

ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1821ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 31ஆந் திகதி பேர்லினுக்கு அணித்தாயுள்ள பொற்ஸ்டாம் நகரிலே பிறந்தார். தந்தையார் அந்நகரின் உயர்தரப் பாடசாலையில் மொழியும் தத்துவமுங் கற்பித்த ஆசிரியர். வருவாய் சிறிது, பிள்ளைகள் பலர். மூத்த மகனோ இளமையில் நோயாளி. தொடர்பற்ற சொற்களை நெட்டுருப் பண்ணுவது அவருக்கு இயலாதிருந்தது. கணிதமும் பௌதிகமுமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வகுப்பிலே இலத்தீன் இலக்கியம் நடந்துகொண்டிருக்க, அவர் மேசையின் கீழே தொலைகாட்டியினூடு ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணித்துக்கொண்டிருந்தாராம். மொழியாசிரியர்க்கு இது மகிழ்ச்சி தருஞ் செய்தியன்று. ஆயினும் மேசையின் கீழ் நடப்பன யாவும் வீண் செயல்கள் அல்ல என்பதை நாமும் அறிந்து வைத்தல் நன்று.

பௌதிகமே கற்க விரும்பிய மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் தந்தையாரிடம் பொருள் இல்லை. பேர்லினில் இராணுவ வைத்தியரைப் பயிற்றும் அரசினர் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே கல்வி இலவசம். அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்தபின் எட்டாண்டு படையிற் சேவை செய்தல் வேண்டும். அந்நிபந்தனைக்கு உடன்பட்டு ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1838இல் அந்நிலையத்திற் சேர்ந்தார். தமது பியானோவையும் உடன்கொண்டு சென்றார். யோஹானஸ் முல்லர் என்னும் பேராசிரியரிடம் உடற்றொழிலியல் கற்றார். 1841இற் கடுஞ்சுரங் கண்டு வைத்தியசாலையிற் கிடந்தார். மாணவராதலின் அங்கே அவர்க்குச் செலவொன்றும் இல்லை. அக்காலத்திற் செலவழியாது எஞ்சிய சிறு பணத்தைக்கொண்டு ஒரு நுணுக்குக்காட்டியை வாங்கினார். நரம்பிழைகள் நரம்புக் கலங்களிலிருந்து தோன்றுவனவென்று அக்கருவியாற் கண்டு, 1842இல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பின்பு பொற்ஸ்டாமிற் படைவைத்தியராய்ப் பணிபுரிந்துகொண்டே ஆராய்ச்சியை நடத்தினார். 1847இல், அப்போது வயது இருபத்தைந்து, சத்தி அழிவதுமில்லை, புதிதாய்ப் பிறப்பதுமில்லை என்னும் கொள்கையைக் கணித முறையில் நிறுவி ஒரு கட்டுரையைப் பேர்லின் பௌதிகச் சங்கத்திலே படித்தார். பெயர்பெற்ற பௌதிகச் சஞ்சிகை அதனை வெளியிட மறுத்தது; கட்டுரை தனி நூலாய் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ற் என்னும் பெரியாரின் முயற்சியாற் படைச் சேவையினின்றும் விடுதலை கிடைத்தது. 1849இற் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே ஒல்கா வொன் வெல்ற்றன் என்னும் நங்கையை மணந்தார். 1850இல் தவளையின் நரம்பில் உணர்ச்சி செல்லும் வேகத்தை அளந்தார். அளக்கவே இயலாது என்று அவருடைய குருவே கருதியிருந்த அவ்வேகம் செக்கனுக்கு 30 மீற்றர் அளவினதே எனத் தெரிந்தது. அதன்பின் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை ஆக்கி 1851இல் வெளியிட்டார். அக்கருவி அவர் புகழை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று.

1855இற் பொண் நகருக்கும் 1858இல் ஹைடல்பேர்க் நகருக்கும் மாறிய அவர் மனம் இக்காலத்திற் செவியின்பால் திரும்பிற்று. அந்நாளில் ஒரு வழக்கு முடிவின்றிக் கிடந்தது. எத்துணைச் சிக்கலான அலையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டமே என்று பிரெஞ்சு அறிஞர் பூரியே கணிதத்திற் காட்டியிருந்தார். மின்னியலிற் பெயர்பெற்ற ஓம் என்பவர், நமது செவியும் அப்படியே ஒலியை எளிய தொனிகளாகப் பகுத்துக் கேட்கின்றது என்று 1843இற் கூறினார். சேபெக் என்னும் அறிஞர் அதனை மறுத்தார். கணிதத்திற் பகுக்க முடிதலால் மட்டும் இயற்கையிலும் அப்பகுப்பு உண்டு என்று கொள்ளலாமா? இதுவே வினா.

இதனைத் தீர்க்க ஹெல்ம்ஹோல்ற்ஸ் கையாண்ட கருவி மிக எளியது. வெறும் போத்தலின் வாயிற் குறுக்கே ஊதினால் ஒரு தொனி எழும் அன்றோ? போத்தல் பெரிதாயின் தொனி தாழும், சிறிதாயின் உயரும். உள்ளிருக்கும் காற்று வில்லுச் சுருள்போலவும், கழுத்திலுள்ள காற்று அதில் தொங்கும் பாரம்போலவும் நின்று அதிர்வதே காரணம். ஆகவே ஒவ்வொரு போத்தலுக்கும் தனக்கென ஒரு மீடிறன், அஃதாவது செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்னும் அளவு, உண்டு. வெளியிலே அம்மீடிறன் ஒலித்தால் உள்ளிருக்கும் காற்றும் உடனே அதிரும். இதுவே பரிவு எனப்படும். ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணாடியாலும் பித்தளையாலும் ஆகிய உருண்டைக் கலங்களைச் செய்வித்தார். ஒரு புறம் ஒலி புகும் வாய். மறுபுறம் செவியிற் பொருந்துஞ் சிறு முனை. மெழுகால் அம்முனையைச் செவியிற் பொருத்தி, மற்றைச் செவியை அடைத்துக்கொண்டு கேட்டார். கலத்துக்குரிய தொனி இசையில் இருந்தால் அது செவியிற் பேரொலியாய் முழங்கிற்று. இல்லையேல் யாவும் மங்கிக் கேட்டன. ஒரே குரலிலும் ஒரே தந்தியிலும் பல தொனிகள் மறைந்திருத்தல் ஐயமற வெளிப்பட்டது. அவற்றின் வன்மை மென்மைகளே ஓசையின் பண்பை, வீணையும் குழலும் ஒரே சுருதியில் வேறாய்க் கேட்கும் அவ்வேற்றுமையை, ஆக்குகின்றன என்றார்.

பகுத்ததோடு அமையாது கூட்டியுங் காட்டினார். மின்காந்தத்தால் ஓயாது அதிரும் எட்டு இசைக்கவைகளை வரிசையாய் நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பரிவுக் கலத்தை வைத்து, கலத்தின் வாயை மூடியுந் திறந்தும் ஒவ்வொரு தொனியின் அளவையும் விரும்பியபடி கூட்டிக் குறைத்தார். இவ்வாறு சில உயிரொலிகளை மனித வாயின்றியே எழுப்பினார். வாயின் உட்குழி தானே ஒரு பரிவுக் கலம் என்பதையும், நாவும் இதழும் அதன் வடிவை மாற்றுந்தோறும் வெவ்வேறு மீடிறன் வலுப்பெறுவதையும், வாய்க்கு நேரே இசைக்கவையைப் பிடித்துக் கண்டார். அங்காத்தலும் இதழ் குவிதலும் உயிரெழுத்தை வேறுபடுத்துமெனத் தொல்காப்பியத்துப் பிறப்பியல் கற்ற நமக்கு, அவ்வேறுபாடு காற்றில் எப்படி அமைகின்றது என்பதை இவ்வாராய்ச்சி அளவோடு விளக்குகின்றது.

இசைக்கவை வரிசை பற்றிய செய்தி கடல் கடந்தும் சென்றது. அலெக்சாண்டர் கிரகம் பெல் என்னும் இளைஞர் ஜேர்மன் மொழி அறியாமையால், ஹெல்ம்ஹோல்ற்ஸ் உயிரொலிகளை மின்கம்பி வழியே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார் எனப் பிழையாக விளங்கிக்கொண்டார். உயிரை அனுப்பலாமெனின் மெய்யையும் அனுப்பலாமே என்று எண்ணி முயன்றார். 1876இல் தொலைபேசி தோன்றியதற்கு அப்பிழையும் ஒரு காரணமாயிற்று.

1859ஆம் ஆண்டு ஹெல்ம்ஹோல்ற்சுக்குப் பெருந்துன்ப ஆண்டாயிற்று. ஆண்டின் நடுவில் தந்தையார் மறைந்தார். டிசெம்பர் மாத இறுதியில் நெடுநாள் நோயுற்றிருந்த மனைவியார் இரு குழந்தைகளை விட்டு நீங்கினார். 1861இல் அன்னா வொன் மோல் என்னும் அம்மையாரை மணந்தார். இத்தனை மாற்றங்களினிடையே எழுதி முடிந்த ஒலியுணர்ச்சி பற்றிய பெருநூல் 1863இல் வெளிவந்தது.

அந்நூலிலே இக்காலத்தவர் ஊன்றிக் கற்கவேண்டிய ஓர் உண்மை உண்டு. பரிவுக் கலம் தன் மீடிறனுக்கு மட்டுமன்றி, அதற்கு அணித்தானவற்றுக்கும் ஓரளவு இசையும். எந்த மீடிறனுக்கு எவ்வளவு இசைகின்றது என்பதை ஒரு வரைபாக வரைந்தால் நடுவே உயர்ந்து இருமருங்கும் சரியும் ஒரு மலை தோன்றும். மலை ஒடுங்கியதாயின் கலம் கூரியது. அது ஒரு தொனியை மட்டும் தேர்ந்தெடுக்கும். ஆனால் அக்கூர்மைக்கு ஒரு விலை உண்டு: வெளியில் ஒலி நின்ற பின்னும் கூரிய கலம் நெடுநேரம் அதிரும். ஹெல்ம்ஹோல்ற்ஸ் இதனைக் கணித்து அட்டவணையாகத் தந்தார். அரைச்சுர வேற்றுமையிற் பரிவின் வன்மை பத்திலொன்றாகுமாயின், ஒலி நின்றபின் ஏறக்குறைய 9½ அதிர்விலே கலத்தின் முழக்கம் பத்திலொன்றாய்த் தேயும். அதனினும் நான்கு மடங்கு கூரியதாயின் 38 அதிர்வு வேண்டும்.

செக்கனுக்கு 110 அதிர்வுள்ள தாழ்ந்த சுரத்தில் 38 அதிர்வு என்பது மூன்றிலொரு செக்கனுக்கு மேற்பட்ட காலம். செக்கனுக்குப் பத்துச் சுரமாக விரைந்து வாசித்தால் அதற்குள் மூன்று சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். விரைந்த சுரங்கள் மேற்றாயியிற் தெளிவாயும் கீழ்த்தாயியிற் குழம்பியுங் கேட்பதை எடுத்துக்காட்டி, நமது செவியினுள்ளேயும் இத்தகைய பரிவு உறுப்புக்கள் உளவென்றும், அவற்றின் கூர்மைக்கும் எல்லை உண்டென்றும் அவர் துணிந்தார்.

இனி ஈக்குவலைசரைப் பார்ப்போம். அதன் ஒவ்வொரு நெம்பும் மின்னாலாகிய ஒரு பரிவுக் கலத்தை ஆளுகின்றது. எந்த மீடிறனை நடுவாகக் கொண்டது, எத்தனை தெசிபெல் கூட்டுவது அல்லது குறைப்பது, எவ்வளவு அகலம் என்னும் மூன்றையும் அறிந்தால் அதன் இயல்பு முழுவதும் விளங்கும். 6 தெசிபெல் கூட்டினால் வீச்சம் ஏறக்குறைய இருமடங்காகும். ஒரு நெம்பை உயர்த்தினால் அதன் மலைச்சரிவு அயலிடத்தையும் உயர்த்தும். அடுத்தடுத்த இரண்டை உயர்த்தினாற் சரிவுகள் சேர்ந்து நினைத்ததினும் மிகும். ஆதலின் நெம்புகள் காட்டும் கோடு உண்மையான வரைபு அன்று. ஒலிபெருக்கி ஊளையிடும் ஒரு தொனியை ஒடுங்கிய வடியாற் குறைத்தல் தகும்; ஒரு குரலின் பண்பைச் சீராக்க அகன்ற வடியே தகும். கூரிய வடியால் மிகுதியாக உயர்த்தினால் ஒலி நின்றபின்னும் அது முழங்கி, அடுத்த எழுத்தை மூடிவிடும். மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரும்பாலும் உயர்ந்த மீடிறன்களிலே உள்ளது. கம்பீரம் வேண்டித் தாழ்ந்த மீடிறன்களைக் கூட்டினாற் பேசுவோர் குரல் பெரிதாகும், சொல் விளங்காது. கூர்மையும் விரைவும் ஒருங்கே கிடையா என்பது கருவியின் குறை அன்று; இயற்கையின் விதி.

ஹெல்ம்ஹோல்ற்ஸ் கூறிய யாவும் அப்படியே நிலைபெறவில்லை. செவியிற் பரிவுறுவது கோர்ட்டியின் கோல்கள் என்றே முதலில் எழுதினார். பறவைகளின் செவியில் அக்கோல்கள் இல்லையென்று தெரிந்ததும் அதனைக் கைவிட்டு, உட்செவிச் சவ்வின் இழைகளே பரிவுறுவன என நூலைத் திருத்தினார். பிற்காலத்தில் கியோர்க் வொன் பெக்கெசி என்பவர் அச்சவ்விலே அலை ஓடிச் சென்று மீடிறனுக்கேற்ற இடத்தில் உயர்வதைக் கண்டு 1961இல் நோபெற் பரிசு பெற்றார். இழைகள் தனித்தனி அதிர்வன அல்ல என்றாலும், மீடிறனுக்கோர் இடம் உண்டு என்னும் மூலக்கருத்து இன்றும் நிற்கின்றது.

1871இல் ஹெல்ம்ஹோல்ற்ஸ் பேர்லினிற் பௌதிகப் பேராசிரியரானார். இளமையில் வறுமை மறுத்த துறை ஐம்பதாம் வயதிற் கைவந்தது. மின்காந்த அலைகளைக் கண்ட ஹேர்ற்ஸ் அவரிடம் பயின்றவர். 1887இல் பேர்லினில் நிறுவப்பெற்ற அரசினர் பௌதிகத் தொழினுட்ப நிலையத்துக்கு முதல் தலைவராயினார். அன்பு மாணவர் ஹேர்ற்ஸ் 1894ஆம் ஆண்டு முதல்நாளில், முப்பத்தாறு வயதில் இறந்தார். அவருடைய இறுதி நூலுக்கு முன்னுரை எழுதும் துயரக் கடமை ஆசிரியருக்கு நேர்ந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் 8ஆந் திகதி ஹெல்ம்ஹோல்ற்சும் உலக வாழ்வை நீத்தார்.

விரும்பிய துறை கிட்டாது வேறொன்றிற் புகுந்து மனஞ்சோரும் மாணவர் நம்மிடையே ஆண்டுதோறும் உளர். வைத்தியம் கற்றதனாலன்றோ ஹெல்ம்ஹோல்ற்ஸ் செவியை அறிந்தார். பௌதிகத்தை விடாது பற்றியதனாலன்றோ செவியுள் நிகழ்வதைக் கணித்தார். பியானோவைத் தூக்கிச் சென்றதனாலன்றோ இரண்டையும் இசையில் இணைத்தார். ஆயினும் அவர்க்கு இலவசக் கல்வி அளித்த ஒரு நிலையமும், உரிய காலத்தில் விடுதலை பெற்றுத் தந்த ஒரு பெரியாரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. கல்லூரியிற் கற்று உயர்ந்த பழைய மாணவர்கள் அவ்விரு கடமைகளையும் தமக்குரியனவாகக் கொள்வாராக. பொருளில்லாமையால் மேசையின் கீழேயே நின்றுவிடும் கணக்குகள் நம் வகுப்பறைகளிலும் இருத்தல் கூடும்.