சொட்டுச் சொட்டாக ஒரு நோபல்

லேப்ல சைக்ளிக் வோல்டாமெட்ரி கிராஃப் எடுத்தவங்க நம்மில் நிறைய பேர் இருப்பீங்க. அந்த கிராஃபுக்கு ஒரு தாத்தா உண்டு: யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி.

1890-ல் பிராக் நகரில் பிறந்தார். அப்பா ரோமானியச் சட்டப் பேராசிரியர். மகனுக்கோ கெமிஸ்ட்ரி மேல்தான் ஆசை. 1910-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குப் படிக்கப் போனார். 1914-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்த நேரத்தில் முதல் உலகப்போர் வெடித்தது. திரும்பிப் போக முடியவில்லை. ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்ட ஆய்வை முடித்தார்.

1918-ல் வைவா. நமக்கெல்லாம் வைவான்னா எப்படா முடியும்னு இருக்கும். அவருக்கு அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. இயற்பியல் பேராசிரியர் குச்செரா, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத்தைப் பற்றிக் கேட்டார். தன் அளவீடுகளில் விளங்காமல் நின்ற ஒரு முரணை ஆராயவும் அவரை அழைத்தார்.

வேலை என்ன தெரியுமா? வோல்டேஜை மாற்றி மாற்றி, விழுகிற சொட்டுகளை எடை போடுவது. செம போர்! ஆனாலும் விடாமல் செய்தார். பிறகுதான், எடைக்குப் பதிலாக மின்னோட்டத்தை அளந்து பார்க்கலாமே என்று தோன்றியது. 1922 பிப்ரவரி 10 அன்று அளந்தார். வோல்டேஜ் கூடக் கூட, மின்னோட்டம் படிப்படியாக ஏறியது. படி எந்த வோல்டேஜில் வருகிறது என்பதை வைத்து, கரைசலில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். படியின் உயரத்தை வைத்து, அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு சொட்டும் ஒரு புது எலக்ட்ரோடு என்பதால் பழைய அழுக்குத் தொல்லையும் இல்லை.

1924-ல் ஜப்பானியர் மசூசோ ஷிகாட்டாவுடன் சேர்ந்து, இந்தக் கோட்டைத் தானாகவே வரையும் போலரோகிராஃப் கருவியை உருவாக்கினார். நோபல் பரிசு வந்தது 1959-ல். நடுவில் 37 வருடம்! 1967-ல் காலமானார்.

இதில் நமக்கு என்ன? உலோக அயனியோடு லிகண்ட் சேர்ந்து காம்ப்ளெக்ஸ் ஆனால், அந்தப் படி பொதுவாக நெகட்டிவ் பக்கம் நகரும். நகர்ந்த தூரத்தை வைத்துப் பிணைப்பு எவ்வளவு வலுவானது என்று கணக்குப் போடலாம். இன்றைய பாலிமர் ஆய்விலும் இதே யோசனைதான். 1995-ல் அறிமுகமான ஏ.டி.ஆர்.பி. முறையில், காப்பர் காம்ப்ளெக்ஸ்தான் வினையூக்கி. அது பாலிமர் சங்கிலியின் நுனியிலுள்ள ஹாலஜனை எடுக்கும், திருப்பியும் கொடுக்கும். எடுத்தால் சங்கிலி வளரும், கொடுத்தால் தூங்கும். அதனால்தான் சங்கிலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வளர்கின்றன. எந்த லிகண்ட் போட்டால் வினையூக்கி சுறுசுறுப்பாக இருக்கும்? வோல்டாமெட்ரியில் காப்பரின் பொட்டென்ஷியல் நெகட்டிவ் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பாதரசம் நச்சு என்பதால், அந்தச் சொட்டு எலக்ட்ரோடை இப்போது பல லேப்களில் பார்க்க முடியாது. ஆனால் அடுத்த முறை ரீடிங் கோட்டை விட்டு விலகினா, உடனே அழிச்சுடாதீங்க. ஹெய்ரோவ்ஸ்கி துரத்திப் போனதும் அப்படி விலகி நின்ற ஒன்றைத்தான்.